ஆகாசத்துத் துண்ணூறு

அண்ணாச்சி, பேப்பரை மடிக்கதுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். அதுல குண்டு பத்தி ஏதும் போட்டிருக்கா? சாதாக் குண்டு இல்ல, ஹைட்ரஜன் குண்டு. உள்பக்கமும் பாத்துச் சொல்லுங்க. இல்லையா? அப்பாடி. எனக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால பேப்பர் வச்சிருக்கவுக யாரைக் கண்டாலும் இதைக் கேட்டுருதேன். வெக்கம் பாத்தா முடியுமா?

என் தலைப்பாக்கட்டைப் பாக்கிய. பாக்கலைங்காதிய, ஏறினதுலருந்து பாக்கிய. பஸ்ஸுக்குள்ள இம்புட்டு வேக்காட்டுல எதுக்கு இவன் இப்படி இறுக்கிக் கட்டியிருக்கான்னு தோணத்தான் செய்யும். பயப்படாதிய, ஒட்டுற சீக்கு இல்ல. இந்தா, அவுத்தே காட்டுதேன். பாத்தியளா நெத்தியை? மூணு கோடு. கருத்து, தோல் உரிஞ்சு, தழும்பு கட்டிப் போய்க் கெடக்கு. துண்ணூறு பூசின மாதிரி இருக்குங்கியளா? துண்ணூறுதான். நானே என் மூணு விரலாலயும் பூசினதுதான். பூசின எடம் அப்படியே வெந்து போச்சு.

சொல்லுதேன், கேளுங்க. இன்னைக்குத்தான் எனக்கு வாயைத் தொறக்கவே தெம்பு வந்திருக்கு. ஐப்பசி பூராவும் சோறு எறங்கல, கண்ணு மூடல. பயம் அண்ணாச்சி. திருடனுக்குப் பயந்தா கதவைச் சாத்தலாம், பேய்க்குப் பயந்தா பூசாரிகிட்டப் போலாம். இந்தப் பயத்துக்கு எங்க போவ? இன்னைக்குக் காலையிலதான் ஒரு வழி பண்ணிட்டு வாரேன்.

என் பேரு மாசானமுத்து. கப்பல்ல பண்டாரி. சமையக்காரன்னே சொல்லுங்களேன், அதுல என்ன கொறச்சல்? நான் ஆக்கினதைத் தின்னுட்டு நல்லால்லன்னு சொன்னவன் இதுவரைக்கும் பொறக்கல. வெள்ளைக்காரக் கம்பெனிச் சரக்குக் கப்பலு. பசிபிக் கடல்ல ஒரு தீவுல உரமண்ணு ஏத்திட்டு ஜப்பானுக்குப் போறோம். கப்பல்ல தமிழாளு ரெண்டே பேருதான். நானு, இன்னொருத்தன் தூத்துக்குடிச் சூசை. எஞ்சினுக்கு எண்ணெய் போடுதவன். எனக்குச் சிவன், அவனுக்கு ஏசு. பொழுதன்னைக்கும் சண்டை. என் கொழம்புச் சட்டியைக் கண்டா ரெண்டு தடவ சிலுவை போடுவான், படுவா. ஆனா அவன் ஒருத்தன் இல்லைன்னா அந்தக் கப்பல்ல எனக்குப் பேச நாக்கு இருந்திருக்காது.

மாசி மாசம். எனக்குச் சிவராத்திரி வருது, அவனுக்குச் சாம்பல் புதன் வருது. இந்த வருசம் பாத்து ரெண்டும் ஒரே நாள்ல வந்து நிக்கி. ஊருலருந்து கொண்டுபோன துண்ணூறு எனக்குத் தீந்து போச்சு. “சிவராத்திரிக்கு வெறும் நெத்தியோட நிக்கப் போறலே மாசானம்”னு அவன் சிரிக்கான். “உன் நெத்தியில சாம்பல் போடச் சாமியார் என்ன நீந்தியா வருவாரு?”ன்னு நான் கேக்கேன். இப்படித்தான் வெளையாட்டாப் பேசிக்கிட்டுக் கெடந்தோம்.

அதுக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்கு முந்தி. விடியக்காலம் அடுப்புல கரியைப் போட்டுட்டு நிமிருதேன், சட்டி பானையெல்லாம் பளீர்ங்குது. என் நெழலு செவத்துல விழுது. எங்கருந்து வெளிச்சம்னு வெளிய ஓடியாந்து பாத்தா, மேக்க வெளுத்துட்டு அண்ணாச்சி! கெழக்க இருட்டிக் கெடக்கு, மேக்க விடியுது. மொதல்ல வெள்ளை, பொறவு மஞ்சள், பொறவு ரத்தச் செவப்பு. ஒரு சத்தம் கிடையாது. கடலு கண்ணாடி மாதிரி அப்படியே நிக்கி. ரொம்ப நேரங்கழிச்சுத்தான் சத்தம் வந்தது. காதுல கேக்கல, வயித்துக்குள்ள இடிச்சது. சூசை பனியனோட ஓடியாந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். “எலே, முடியுதுலே. எல்லாம் முடியுது. பாவமன்னிப்புக் கேளுலே”ங்கான்.

ஒண்ணும் முடியல. அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சிருந்தது, அம்புட்டுத்தான். எல்லாருக்கும் காலைச் சாப்பாடு குடுத்து முடிச்சு ஏனம் கழுவுதேன், அப்பம்தான் அது விழ ஆரம்பிச்சது. மேல மேகம் மாதிரி மூடிக்கிட்டு, வெள்ளையாப் பொடி விழுது. மழையில்ல, ஈரமே இல்ல. மாவு சலிச்சா விழும்லா, அப்படி. கப்பல் பூராவும் வெள்ளை. கயித்துல, கம்பியில, தலையில, தோள்ல.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க என்ன நெனச்சிருப்பிய? சிவராத்திரி வருது, கையில துண்ணூறு இல்ல, நடுக்கடலு, ஆகாசத்துலருந்து வெள்ளைவெளேர்னு சாம்பல் விழுது. நான் அழுதுட்டேன். சிவசிவான்னு அள்ளி நெத்தி நெறையாப் பூசினேன். சமையக்காரன்லா, நாக்குலயும் வச்சுப் பாத்தேன். உப்பில்ல, மணமில்ல, சுண்ணாம்பு மாதிரிக் கரகரன்னு இருந்தது. சூசை பெருவிரலால நெத்தியில சிலுவை வரைஞ்சுக்கிட்டான். “பாத்தியா, ஆண்டவர் எனக்காக அனுப்பியிருக்காரு”ங்கான். “போலே, இது எங்க சுடுகாட்டுச் சாமி குடுத்தது”ங்கேன். அதுலயும் சண்டை. ஒரு பால்பவுடர் டப்பாவைக் காலி பண்ணி, வழிச்சு வழிச்சு நெறைச்சேன். என் பொஞ்சாதி மாரிக்கு.

கேப்டன் என்னமோ கத்துதாரு. கழுவு, கழுவுங்காரு. துரைமாரெல்லாம் மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுதாவ. எனக்குச் சிரிப்பு. சாமி பிரசாதத்தைக் கழுவச் சொல்லுதான் பாரு, தரித்திரம் பிடிச்சவன்னு நெனச்சேன். குழாயைப் பிடிச்சுக் கழுவுனது யாருன்னு கேக்கியளா? நாங்கதான்.

சாயங்காலமே குடலைப் பெரட்டிட்டு. அடுத்த வாரம் நெத்தி கொப்புளிச்சது. சீப்பை வச்சா கத்தை கத்தையா முடி வருது. சூசைக்கும் அப்படியே, சிலுவை போட்ட எடத்துல சிலுவையாவே புண்ணு. “கடல் சூடுலே”ன்னு நான் சொன்னேன். “உன் கொழம்புலே”ன்னு அவன் சொன்னான். அடுத்த துறைமுகத்துலயே கணக்கை முடிச்சு கம்பெனிக்காரன் ரெண்டு பேரையும் எறக்கி ஊருக்கு அனுப்பிட்டான்.

என் பொஞ்சாதி பேரு சந்தனமாரி. கல்யாணமாகிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. வயித்துல ஒரு பூச்சி புழு இல்ல. ஊரு என்ன பேச்சுப் பேசும்னு உங்களுக்குச் சொல்லணுமா? தங்கச்சி மகளுக்கு வளைகாப்புன்னா இவளைக் கூப்பிட மாட்டாவ. கூப்பிட்டாலும் வளையல் போடக் கையை நீட்ட மாட்டாவ. நான் கப்பல்ல போய்ட்டேன்னா அதையெல்லாம் தனியா நின்னு தாங்குனவ அவ. வீட்டுக்குள்ள நான் நுழைஞ்சதும் நெத்தியைத்தான் பாத்தா. “இது யாரு போட்ட பட்டை?”ன்னா. கதையைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டா அண்ணாச்சி, என்னை இல்ல, என் நெத்தியை. டப்பாவைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்துல வச்சா. தெனமும் குளிச்சிட்டு நெத்தியில ஒரு கீத்து, வாயில ஒரு சிட்டிகை.

ஆனி பொறந்ததும் முழுகாம இருக்கா.

என் சந்தோசத்தை எப்படிச் சொல்ல? பஸ்ஸுல ஏறுதவன் எறங்குதவன் எல்லாருக்கும் முட்டாய் குடுத்தேன். மத்த பொம்பளையளுக்கு மசக்கைன்னா மாங்காய் கேப்பாளுக, புளி கேப்பாளுக. இவளுக்கு அந்தச் சாம்பலுதான். சாம்பலு திங்கது ஊருல இல்லாத அதிசயமா? நானும் பேசாம இருந்துட்டேன். பிள்ளையில்லாதவ எவ வந்து கெஞ்சினாலும் ஒரு சிட்டிகை குடுக்க மாட்டா. “எம் பிள்ளை பங்கு”ம்பா.

ஐப்பசி ஆரம்பத்துல ஒரு நாள், டீக்கடையில இருக்கேன். தையக்காரர் கோமதிநாயகம்தான் அங்க சத்தமாப் பேப்பர் வாசிப்பாரு. ஜப்பான்காரன் மீன்பிடி படகாம். மாசி மாசமாம். மேக்க வெளுத்துதாம். வெள்ளைச் சாம்பல் விழுந்துதாம். எல்லாருக்கும் தோல் வெந்து முடி கொட்டிப் போச்சாம். அதுல ஒருத்தன் போன மாசம் ஆஸ்பத்திரியில செத்துப் போனானாம். அமெரிக்காக்காரன் ஏதோ தீவுல ஹைட்ரஜன் குண்டு வெடிச்சிருக்கான், அதோட சாம்பலாம் அது.

யாரு மேலயும் போடலையாம் அண்ணாச்சி! சும்மா வெடிச்சுப் பாத்தானாம்! முந்தி ஜப்பான்ல போட்டானே, அதைவிட ஆயிரம் பங்காம். இவுக போட்ட கணக்கு ஒண்ணு, அது வெடிச்சது ரெண்டு மடங்குக்கும் மேலயாம். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்க. உப்பு எம்புட்டுப் போடணும்னு தெரியாதவன் எதுக்குவே அடுப்புகிட்ட வாரான்? “ரஷ்யாக்காரனும் செஞ்சிட்டாம்வே, இனி இவன் ஒண்ணு போட்டா அவன் ஒண்ணு போடுவான்”னு தையக்காரர் சொல்லுதாரு. கையிலருந்த கிளாஸு கீழ விழுந்து ஒடைஞ்சது எனக்குத் தெரியவே இல்ல.

“வே, ஒரு பொம்பள அந்தச் சாம்பலைத் தின்னா என்னவே ஆகும்?”னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. “குண்டுச் சாம்பலை எவ வே திம்பா?”ன்னாரு.

நேரா தூத்துக்குடிக்குப் போனேன், சூசையைப் பாக்க. வீட்டு வாசல்ல அவன் பொஞ்சாதி கருப்புச் சீலையோட வந்து நிக்கா. புரட்டாசியிலயே அடக்கம் பண்ணியாச்சாம். பல்லு ஈறுலருந்து ரத்தம் நிக்கவே இல்லையாம். “கடைசி வரைக்கும் அந்தச் சிலுவை ஆறலண்ணே”ன்னு சொல்லி அழுதா. அங்க நிக்க முடியாமத் திரும்பிட்டேன். வார வழியில லேசா மழை தூறுது, அதுக்கும் பயந்து ஒரு கடைக்குள்ள பாஞ்சேன். அன்னையிலருந்து ஆகாசத்துல எது வெள்ளையாத் தெரிஞ்சாலும் தலைப்பாக்கட்டை இழுத்து நெத்தியை மூடிக்கிடுதேன்.

மாரிகிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

“குண்டாவது மண்ணாவது”ன்னா. “பத்து வருசமா நீங்க தராததை அது தந்திருக்கு. அதையா தூரப் போடச் சொல்லுதிய?”

“ஏளா, சூசை செத்துப் போனாம்ளா.”

“அவுக வேற சாமி. இது ஒத்துக்கிடல.”

நான் மாடத்துப் பக்கம் போனேன். குறுக்க வந்து நின்னுக்கிட்டு என் கையைப் பிடிச்சு வயித்துல வச்சா. “இந்தா, தொட்டுப் பாருங்க. கெட்டுப்போன பிள்ளையா இப்படி எத்தும்?”

எத்துது அண்ணாச்சி. என் கைக்குக் கீழ எத்துது. எவனுக்கும் அந்த நேரத்துல உடம்பு சிலுத்துப்போகும். எனக்கு, இது வெளையாடுதா, இல்ல துடிக்குதான்னுதான் தோணுது. கையை இழுத்துக்கிட்டேன். அவ மொகம் சுண்டிப் போச்சு. “டப்பாவுல கைய வச்சிய, கெணத்துல விழுந்துருவேன்”னா. விழுவா. அவ சொன்னாச் செய்யிறவ. பொறவு நான் அந்தப் பேச்சையே எடுக்கல. அவ தெனமும் ஒரு சிட்டிகை வாயில போடுதா, நான் பக்கத்துல சும்மா ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

இன்னைக்குக் காலையில அவ தண்ணிக்குப் போனா. டப்பாவைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் பஸ்ஸுல ஏறிட்டேன். ஏறிட்டேனே ஒழிய எங்க கொண்டு போட? கடல்ல போட்டா மீனு திங்கும், மீனை நாம திம்போம். வயல்ல போட்டா நெல்லு. பொதைச்சா மழைத்தண்ணி கெணத்துக்குக் கொண்டாந்துரும். எரிக்கலாம்னா, எரிஞ்சு முடிஞ்சதை எப்படி எரிக்க? இம்புட்டுப் பெரிய பூமியில ஒரு டப்பாச் சாம்பலை வைக்க எடமில்ல அண்ணாச்சி.

அப்பம்தான் தோணுச்சு. இன்னைக்குக் கார்த்திகைச் சோமவாரம். பஸ்ஸை விட்டு எறங்கி நேரா நம்ம ஆத்தங்கரைச் சிவன் கோயிலுக்குப் போனேன். ஆலகால வெஷத்தையே முழுங்கித் தொண்டையில நிப்பாட்டினவன் அவன். அவனுக்கு இது எம்மாத்திரம்? முன்மண்டபத்துல துண்ணூத்துத் தொட்டி இருக்கும்லா, கல்தொட்டி, ஆளாளுக்கு அள்ளிப் பூசுவாவளே. கூட்டம் நெறையா. ஒருத்தரும் கவனிக்கல. அதுல கொட்டிட்டேன். “அப்பனே, நீ குடுத்ததுன்னு நெனச்சு வாங்கினேன், நீயே வச்சுக்கோ”ன்னுட்டேன். நெஞ்சுலருந்து அம்மிக்கல்லை எறக்கி வச்ச மாதிரி இருந்தது. பிரகாரத்துல ஒக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஆனா மாரிக்கு என்ன சொல்ல? வெறும் மாடத்தைப் பாத்தா கெணத்துக்குல்லா ஓடுவா? அதுக்கும் ஒரு யோசனை பண்ணினேன். நமக்குப் புத்தி இல்லைன்னு எவன் சொன்னான்? இந்தா, மடியில இருக்கு பாருங்க டப்பா. அதே டப்பாதான். உள்ள சாமி துண்ணூறு. டப்பாவைத் துண்டால துடைச்சிட்டுத்தான் நெறைச்சேன். அவளுக்கு வித்தியாசம் தெரியாது, அதே நெறம், அதே கரகரப்பு. அவ பாட்டுக்குத் தின்னுட்டுப் போறா. இனி பயமில்ல.

என்ன கேட்டிய?

எங்க அள்ளினேனா? கோயில்லதான். கோயில்ல எங்கன்னா… தொட்டியிலதான் அண்ணாச்சி. கோயிலுக்கு எத்தனை தொட்டி இருக்கும்? அதே தொட்டிதான். ஆனா அந்த மூலையில கொட்டினேன், இந்த மூலையில அள்ளினேன். நான் என்ன கூறுகெட்டவனா? அதுவும் இதுவும் வேற வேற. கொட்டினது தனியாத் தெரிஞ்சுதுன்னா பூசாரி சத்தம் போடுவாருன்னு கையை விட்டு நல்லாக் கிண்டி விட்டுட்டேன். சமையக்காரன்லா, கட்டி முட்டி இல்லாம, அடி வரைக்கும், நாலு பக்கமும் ஒண்ணாக் கலந்து…

கலந்துதான்…

அண்ணாச்சி.

இல்ல. இல்ல, சாமி முழுங்கியிருக்கும். முழுங்கியிருக்கும்லா? சொல்லுங்க. பேப்பர் வாசிக்கிறவுக நீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுக்கு நெத்தியைத் துடைக்கிய? நீங்களும் அங்கருந்துதான் வாரியளா? எப்பம் பூசினிய? எனக்கு முந்தியா, பொறவா? ஐயோ, கையால துடைக்காதிய, அந்தக் கையை வாயில வைக்காதிய. இந்தப் பஸ்ஸுல ஏறினவுக எல்லாரும்… எம்மா, பிள்ளைக்குப் பூசாத! நெத்தியைத் தொடாத! இவுக யாருமே என் பேச்சைக் கேக்க மாட்டேங்காவளே. பைத்தியம்னு நெனைக்காவ.

எங்க வந்திருக்கோம்? கருவேலம்பாடு விலக்கா? எங்க ஊருதான். கண்டக்டர், நிப்பாட்டாதிய, நேராப் போங்க. ஆளு எறங்கணுமா? சரி, எறங்கட்டும், நான் எறங்கல.

அன்னா நிக்கா. புளிய மரத்தடியில, மஞ்சச் சீலை, அவதான். மாடம் வெறிச்சுன்னு கெடக்கதைப் பாத்திருப்பா. இந்த வெயில்ல எம்புட்டு நேரமா நிக்காளோ. ஜன்னலைச் சாத்துங்க அண்ணாச்சி, பாத்துட்டா, பாத்துட்டா. வாரா. கையை நீட்டிக்கிட்டு வாரா. ஒண்ணுமில்லளா, போ, வீட்டுக்குப் போ! டப்பா என்கிட்ட இல்ல! இருக்கு, ஆனா தரமாட்டேன். அழாதளா. பொறவு சொல்லுதேன், எல்லாம் சொல்லுதேன், இப்பம் போ. கண்டக்டர், விசில் ஊதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வண்டியை எடுக்கச் சொல்லுங்க. எங்க போறேன்னா எனக்கு என்ன தெரியும்? கடைசி வரைக்கும் ஒரு டிக்கெட்டு குடுங்க.

ஏளா, ஓடியாராத! வயித்துப் பிள்ளையோட ஓடாதளா! மாரி, ஓடாத!